அம்மாவின் சேமலாப நிதியில் ஒரு மடிக்கணினி: நான்கில் எது?

கடிதம் பொகவந்தலாவைப் பக்கமுள்ள ஒரு தோட்டத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். தம்பி உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, மென்பொருள் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். கொழுந்து பறித்த அம்மா ஐம்பது வயதில் ஓய்வு பெற்று எடுத்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 220,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். "இன்னொரு தடவை வாங்க எங்களால் முடியாது. பிழையானதை வாங்கிவிடக் கூடாது என்ற பயத்தில் மூன்று கிழமையாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

விலைச்சீட்டுகளின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். ஹட்டனில் பார்த்த புதிய மடிக்கணினிகள் மூன்று. ஒன்று, ரைசன் 5 7520யூ புரொசசர், 8 ஜிபி ரேம் (ஓடும் நிரல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), 179,000 ரூபாய். இரண்டாவது, ரைசன் 5 7530யூ, 8 ஜிபி, 198,000. மூன்றாவது, இன்டெல் கோர் ஐ5-1235யூ, 8 ஜிபி, 202,000. இதே மூன்றாவதை 13ஆம் தலைமுறை ஐ5-1335யூ புரொசசருடன் இன்னும் 25,000 கொடுத்தால் தரலாம், மேலதிகப் பணத்தைத் தவணையில் கட்டலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான்காவது, கண்டியில் ஒருவர் விற்கும் பாவித்த மடிக்கணினி: ஐ7-7600யூ, 16 ஜிபி, 95,000 ரூபாய்.

கேள்விகள் நான்கு. எது வேகம்? எது விரிவுரை நாள் முழுவதும் சார்ஜ் தாங்கும்? மூன்றாம் வருடத்தில் பாடம் கடினமாகும்போது புரொசசரை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா? மலைநாட்டுக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் எல்லாக் கடைக்காரர்களும் புரொசசரின் பெயரைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். பேட்டரியின் கொள்ளளவை ஒருவரும் எழுதவில்லை. ரேம் கழற்றக் கூடியதா, உள்ளிருக்கும் தாய்ப்பலகையோடு ஒட்டியதா என்று ஒருவரும் எழுதவில்லை. உங்கள் தம்பி நான்கு வருடம் இந்த இயந்திரத்தோடு படப்போகும் பாட்டைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எழுதப்படாத இந்த இரண்டும்தான். புரொசசர் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. உங்கள் நான்கில் இரண்டைப் புரொசசரை வைத்தே தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டுக்கும் நடுவில் அது பெரிய விஷயமே அல்ல.

அந்த ஐ7

கண்டிக்காரரின் மடிக்கணினியை விட்டுவிடுங்கள். "ஐ7 என்றால் ஐ5ஐ விட மேல்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டால் தெரியும்: பி.ஓ.பி. என்பது தேயிலைத் துகளின் அளவைச் சொல்லும் தரப்பெயர். எந்த மலையில், எந்தப் பருவத்தில் பறித்த கொழுந்து என்பதை அது சொல்லாது. ஐ5, ஐ7 என்பவையும் அப்படித்தான். ஒரே வருடத்தில் வந்த, ஒரே இனத்துப் புரொசசர்களுக்குள் மட்டுமே ஐ7 மேலே இருக்கும்.

ஐ7-7600யூ 2017இல் வந்தது. உள்ளே இரண்டே கோர்கள். கோர் என்பது தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஓர் அலகு. உங்கள் சீட்டில் உள்ள ஐ5-1235யூவில் பத்துக் கோர்கள்: வேகமானவை இரண்டு, சிக்கனமானவை எட்டு. ஒப்பிடவே வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய தடை, விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகிறது. இது 7ஆம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏற்றவும் முடியும். ஆனால் நாளைக்கு ஒரு புதுப்பிப்பு வந்து நின்றுவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. லினக்ஸ் போட்டு ஒரு பாடசாலைப் பிள்ளைக்குக் கொடுக்க நல்ல இயந்திரம் அது. பொறியியல் மாணவனுக்கு நான்கு வருடத்துக்கு வேண்டாம்.

7520, 7530: பத்து இலக்கம் மட்டும் அல்ல

"இரண்டும் ரைசன் 5, இரண்டும் ஏழாயிரம் வரிசை, இலக்கத்தில் பத்துதான் வித்தியாசம், 19,000 ரூபாய் மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் வைத்தவர்கள் நீங்கள் அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் வைத்தார்களோ என்று எனக்கே சில சமயம் தோன்றும்.

ரைசனைத் தயாரிக்கும் ஏ.எம்.டி.யின் இந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலிலுள்ள 7 அது எந்த ஆண்டின் சரக்காக வெளியிடப்பட்டது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520இல் அது 2: 2019இல் அறிமுகமான ஸென் 2. 7530இல் அது 3: 2020இல் வந்த ஸென் 3. 7520யூவில் நான்கு கோர்கள், 7530யூவில் ஆறு. அடிக்கடி தேவைப்படும் தரவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் மூன்றாம் நிலைக் கேஷ் நினைவகம் முன்னதில் 4 எம்பி, பின்னதில் 16 எம்பி. படம் காட்டும் பகுதியும் முன்னதில் மிகச் சிறியது.

இதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். 7520யூ பலகையோடு ஒட்டிய ரேமோடு மட்டுமே வேலை செய்யும். அதாவது 8 ஜிபியாக வாங்கினால் அது ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். எந்தக் கடைக்காரர் எந்தத் திருகாணியைக் கழற்றினாலும் கூட்ட முடியாது. பேட்டரிச் சிக்கனத்தில் இது நல்ல பெயர் எடுத்த சில்லு. கடிதம் தட்டவும் கணக்கு எழுதவும் வாங்குகிறவர்களுக்கு நானே சிபாரிசு செய்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு அது இரண்டாம் வருடத்தில் நெருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இன்டெல்லா, ஏ.எம்.டி.யா

மிஞ்சியவை ஐ5-1235யூவும் ரைசன் 5 7530யூவும். கடைகளில் இதைக் கட்சிச் சண்டை போல நடத்துவார்கள். "ஏ.எம்.டி. சூடாகும், இன்டெல்தான் உழைக்கும்" என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு ஒரு பழைய காலத்தின் மிச்சம். ரைசன் வருவதற்கு முந்திய ஏ.எம்.டி. மடிக்கணினிகளுக்கு அது ஓரளவு பொருந்தியது. இன்றைக்கு இந்த இரண்டு சில்லுகளுக்கும் அடிப்படை மின்வரம்பு ஒன்றே: 15 வாட்.

இரண்டும் வேகம் காட்டும் இடம் வேறு வேறு. 1235யூவின் இரண்டு பெரிய கோர்கள் தனித்தனிக் காரியங்களில் சற்று முந்தும். ஒரு நிரலைத் திறப்பது, ஓர் இணையப் பக்கம் விரிவது, சிறிய நிரலை ஓட்டிப் பார்ப்பது போன்றவற்றில் அந்தச் சுறுசுறுப்பு தெரியும். 7530யூவில் ஆறு கோர்களும் ஒரே தரம். பெரிய செயற்றிட்டம் ஒன்றைப் பத்து நிமிடம் தொடர்ந்து தொகுக்கும்போது (எழுதிய நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும்போது) அது நிதானமாக ஒரே வேகத்தில் போகும். 1235யூ தேவைப்படும்போது 55 வாட் வரை ஏறக்கூடியது. விலை குறைந்த மடிக்கணினிகளில் அந்த ஏற்றம் அரை நிமிடம் போல நீடித்துவிட்டு, சூட்டுக்குப் பயந்து கீழே இறங்கிவிடும். விளம்பரத்தில் வரும் 4.4 கிகாஹேர்ட்ஸ் என்பது அந்த அரை நிமிடத்து எண்.

இதனால்தான் புரொசசர்களை மட்டும் ஒப்பிடும் இணையப் பட்டியல்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன். ஒரே 1235யூவை ஒரு நிறுவனம் இரட்டை விசிறியோடு வைத்து அதிக மின்சாரம் கொடுக்கும். இன்னொன்று மெல்லிய உடம்பில் அடைத்துக் கையைக் கட்டிவிடும். நீங்கள் வாங்கப்போகும் மடிக்கணினியின் முழு மாதிரி இலக்கத்தைப் போட்டு, அதைச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தம்பியைத் தேடச் சொல்லுங்கள். அதுதான் உண்மையான ஒப்பீடு.

இனி அந்த 25,000 ரூபாய். 1335யூவிலும் இரண்டு பெரிய கோர், எட்டுச் சிறிய கோர். கேஷ் நினைவகமும் அதே 12 எம்பி. உச்ச வேகம் 4.4இலிருந்து 4.6க்கு ஏறியிருக்கிறது. இருநூறு ரூபாய்ப் பொருள் இருநூற்று ஒன்பது ரூபாய்ப் பெறுமதிக்கு ஏறியது போலத்தான். அந்த உச்சத்தைத் தொடும் கணங்களில் மட்டும் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வித்தியாசம். தலைமுறை மாறிவிட்டது என்ற பெயருக்காகத் தவணைக் கடன் எடுக்காதீர்கள். அதற்கு வட்டியும் சேரும்.

பேட்டரி, மின்வெட்டு, குளிர்

ஐ5 பெட்டியின் மேல் "12 மணி நேரம்" என்று ஒட்டியிருப்பதைப் படம் எடுத்திருக்கிறீர்கள். இதை நீங்களே சரிபார்க்கலாம், கணக்கு எளிது. மடிக்கணினியின் அடிப்பக்க ஸ்டிக்கரிலோ நிறுவனத்தின் விவரப் பக்கத்திலோ பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் அனுப்பிய மாதிரி இலக்கங்களின்படி ஐ5இல் 42 வாட்-மணி, 7530யூவில் 47 வாட்-மணி. 42ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 3.5. அதாவது திரை, புரொசசர், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரி 3.5 வாட்டில் ஓடினால்தான் பன்னிரண்டு மணி நேரம் வரும். வெளிச்சத்தைக் குறைத்து, இணையத்தை நிறுத்தி, சேமித்த ஒரு வீடியோவை ஓடவிட்டால் அதை நெருங்கலாம். விரிவுரை மண்டபத்தில் யாரும் அப்படிப் படிப்பதில்லை.

இந்த அளவு மடிக்கணினி குறிப்பெடுப்பது, இணையம் பார்ப்பது போன்ற இலேசான வேலைகளில் ஏறக்குறைய 7 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 42 வாட்-மணி ஆறு மணி நேரம் தரும். 47 ஏறக்குறைய ஆறு மணி நாற்பது நிமிடம். கடினமான வேலையில் 20 வாட்டுக்கு மேல் போகும். அப்போது இரண்டுமே இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான். இரண்டு வருடம் பாவித்து பேட்டரி எண்பது வீதத்துக்கு இறங்கியபின் இதையெல்லாம் ஐந்தில் நாலாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆகவே நாள் முழுவதும் தாங்குவது உங்கள் பட்டியலில் எதுவுமில்லை. புரொசசரால் வரும் வித்தியாசத்தை விட அந்த 5 வாட்-மணியால் வரும் வித்தியாசம் உறுதியானது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்குவதால் கிடைப்பது அதைவிடவும் அதிகம்.

மின்வெட்டைப் பற்றி உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2022 மார்ச் 31ஆம் திகதி நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வெட்டிய நாட்டில்தான் இருக்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். ஆனால் அப்படிப்பட்ட நாளுக்கு என்று புரொசசரைத் தெரிவு செய்ய முடியாது. அதற்குப் பதிலாகக் கடையில் ஒன்றைக் கேளுங்கள்: யூ.எஸ்.பி.-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறுமா? துளை இருப்பது மட்டும் போதாது. சில மடிக்கணினிகளில் அந்தத் துளை தரவுக்கு மட்டுமே. சார்ஜ் ஏறும் என்றால் பிற்காலத்தில் 65 வாட் கொடுக்கும் பவர் பேங்க் ஒன்று அவசரத்துக்கு உதவும். தொலைபேசிக்கு வாங்கிய சிறிய பவர் பேங்க் இதற்குப் போதாது.

குளிரால் பேட்டரி இறங்கும் என்பது பாதி உண்மை. இலித்தியம் பேட்டரி பூச்சியம் பாகைக்குக் கீழே தடுமாறும்; அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதும் அதற்குக் கெடுதல். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. ஆனால் வீட்டுக்குள் யாரும் அந்தக் குளிரில் இருப்பதில்லை. பத்து, பதினைந்து பாகையில் சிறு குறைவு இருக்கலாம், உணர மாட்டீர்கள். விசிறிக்கு நம் குளிர் நல்லதுகூட.

பழுதுபார்க்கும் மேசையில் நான் அதிகம் பார்க்கும் எதிரிகள் வேறு. முதலாவது, ஈரம். வெளிக்குளிரில் கொண்டுவந்த பையிலிருந்து எடுத்த இயந்திரத்தை அடுப்படிச் சூட்டில் உடனே திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும். பையில் வைத்தபடியே அரை மணி நேரம் விட்டுத் திறக்கலாம். இரண்டாவது, விறகடுப்புப் புகை. லயக் காம்பராக்களில் சமையலும் படிப்பும் அருகருகே நடக்கின்றன. எண்ணெய்ப் பசையோடு கரி விசிறியில் ஒட்டிக்கொள்கிறது. "புரொசசர் பழசாகி மெதுவாகிவிட்டது" என்று கொண்டுவரும் இயந்திரங்களில் பல, விசிறியைச் சுத்தம் செய்து வெப்பப் பசையை மாற்றியதும் பழைய வேகத்துக்கு வந்துவிடுகின்றன. மூன்றாவது, இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடிக்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடட்டும், அதற்குத்தானே அது இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சார்ஜ் ஏறும்போது மடிக்கணினியின் உடம்பைத் தொட்டால் சுள்ளென்று இலேசாகக் கடிக்கிறது என்று பலர் பயந்து வருவார்கள். பெரும்பாலும் மடிக்கணினியில் குற்றமில்லை. பழைய வயரிங்கில் எர்த் இல்லை, அல்லது மூன்று முனைச் செருகியை இரண்டு முனையாக மாற்றிச் செருகியிருக்கிறார்கள். ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இது மடிக்கணினிக்காக மட்டும் சொல்வதல்ல.

மூன்றாம் வருடத்தில் எதை மாற்ற முடியும்

புரொசசரை மாற்ற முடியாது. இது உங்கள் கடிதத்தில் உள்ள மிகப் பெரிய தவறான நம்பிக்கை. முன்பு மடிக்கணினிகளிலும் புரொசசரைக் கழற்றிப் பூட்டும் இருக்கை இருந்தது. இன்டெல்லில் 2013இல் வந்த 4ஆம் தலைமுறையோடு அது முடிந்தது. இப்போது இந்த வகைச் சில்லுகள் அனைத்தும் தாய்ப்பலகையில் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டவை. "பிறகு ஐ7 போட்டுத் தருகிறோம்" என்று சொன்ன கடைக்காரர் தாய்ப்பலகையையே மாற்றுவதைச் சொல்கிறார், அல்லது மேசைக் கணினியை நினைத்துச் சொல்கிறார். தாய்ப்பலகையை மாற்றுகிற காசுக்கு வேறு மடிக்கணினியைப் பார்க்கலாம்.

மாற்றக்கூடியவை ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., பேட்டரி ஆகிய மூன்றுதான். பின்னிரண்டையும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. 512 ஜிபி ஆரம்பத்துக்குப் போதும், அது எம்.2 எனப்படும் கழற்றக்கூடிய துண்டாக இருந்தால் பிறகு பெரிதாக்கலாம். பேட்டரி உள்ளே திருகாணியால் பூட்டியது. அந்த மாதிரிக்கு மாற்றுப் பேட்டரி இங்கே கிடைக்குமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

ரேம்தான் உங்கள் முடிவின் நடு. மென்பொருள் பொறியியலில் எப்படியும் ஒரு கட்டத்தில் தொலைபேசிச் செயலி எழுதும் பாடம் வரும். அதற்கான அன்ட்ராய்ட் ஸ்டூடியோவை, திரையில் ஒரு போலித் தொலைபேசியை ஓடவிடும் வசதியோடு பாவிக்க 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. 8 ஜிபியில் விண்டோஸ் தன் பங்கை எடுத்து, படம் காட்டும் பகுதி தன் பங்கை எடுத்து, இணைய உலாவி பத்துப் பக்கத்தைத் திறந்து வைத்தால் மிச்சம் என்ன? அந்த நேரத்தில் 1235யூவும் 1335யூவும் 7530யூவும் ஒரே மாதிரிக் காத்துக்கிடக்கும். 7520யூ வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ரேம் ஒரே துண்டாக இருந்தால் தரவு ஒரு வழியில்தான் போய்வரும். இரண்டு துண்டாக இருந்தால் இரு வழி. இந்தப் புரொசசர்களில் தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாததால் படம் காட்டும் வேலையும் இதே வழியைப் பாவிக்கிறது. உங்கள் ஐ5 சீட்டில் படம் காட்டும் பகுதியின் பெயரை "ஐரிஸ் எக்ஸ்இ" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே 8 ஜிபி துண்டோடு திறந்து பாருங்கள், "யூ.எச்.டி." என்றுதான் காட்டும். இரண்டாவது துண்டைப் போட்ட பிறகே அந்தப் பெயருக்கு உரிமை வரும்.

உங்கள் இரண்டு மாதிரிகளையும் பார்த்தேன். ஐ5இல் ரேமுக்கு இரண்டு இடம், இரண்டுமே கழற்றக் கூடியவை, ஒன்று காலி. 7530யூவில் 8 ஜிபி பலகையோடு ஒட்டியது, ஒரு காலி இடம். இரண்டிலும் டிடிஆர்4 வகை. டிடிஆர்5 துண்டு இவற்றில் பொருந்தாது. ஊசிகளின் எண்ணிக்கையே வேறு, 260க்கும் 262க்கும் உள்ள வித்தியாசம். ஐ5-1235யூ இரண்டு வகையையும் ஏற்கும் சில்லு என்பதால், அதே பெயரில் வேறு மாதிரி மடிக்கணினியில் டிடிஆர்5 இருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய துண்டைப் பார்த்து வாங்க வேண்டாம்.

"ரேமைப் பிறகு விலை குறையும்போது போடலாம்" என்பது வழக்கமாக நல்ல ஆலோசனை. இப்போது அல்ல. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. வாங்கும்போதே 16 ஆக்கிவிடுங்கள்.

நான் வாங்குவதென்றால் 7530யூவை வாங்கி, கையோடு இன்னொரு 8 ஜிபி துண்டைப் போட்டுக்கொள்வேன். பேட்டரி சற்றுப் பெரியது, விலை 4,000 குறைவு, நீண்ட வேலையில் நிதானம். இதில் ஒரு குறையை ஒளிக்க விரும்பவில்லை: ஒட்டிய ரேம் பழுதானால் துண்டை மாற்றுவது போல எளிதாக முடியாது, தாய்ப்பலகை வேலை. அதனால் இந்த மாதிரிக்கு உத்தரவாதம் ஒரு வருடம் மட்டும், ஐ5க்கு இரண்டு வருடம் என்றால் என் முடிவு ஐ5 பக்கம் சாயும். அதிலும் 16 ஜிபி கட்டாயம். இரண்டில் எதை வாங்கினாலும் தம்பி பின்தங்க மாட்டார்.

பில் எழுதும்போது

உத்தரவாதம் யாருடையது என்று கேளுங்கள். இலங்கையில் உள்ள அதிகாரம் பெற்ற முகவருடையதா, கடையின் சொந்த உத்தரவாதமா? பேட்டரிக்கும் சார்ஜருக்கும் காலம் குறைவாக இருக்கலாம், தனியாகக் கேளுங்கள். பழுது வந்தால் கொழும்புக்கு அனுப்புவது யார், செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். ஹட்டனிலிருந்து நீங்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ரேமைக் கூட்டினால் உத்தரவாதம் போகாது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையிலேயே போட்டுத் தந்தால் இன்னும் நல்லது. சீட்டில் உள்ள விலையில் 18 வீத வற் வரி அடக்கமா என்பதையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

"ஐ5 லெப்டொப் ஒன்று" என்று எழுதிய பில்லை ஏற்காதீர்கள். முழு மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், புரொசசரின் முழுப்பெயர், ரேம் அளவு, திகதி எல்லாம் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 7530 என்று சொல்லி 7520ஐக் கொடுத்தாலோ உத்தரவாதத்தை மறுத்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1977. எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டியது நான் மேலே சொன்ன பில்தான்.

198,000 போக உங்களிடம் 22,000 மிஞ்சும். ரேம் துண்டு அதற்குள் அடங்குமா என்று இன்றே விலை கேளுங்கள். கொஞ்சம் போதாமல் போனால், கடைக்காரர்கள் இலவசமாகத் தருவதாகச் சொன்ன பை, மவுஸ், ஹெட்செட் எதுவும் வேண்டாம், அந்தப் பெறுமதியை ரேமில் கழித்துத் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகள் இணங்கும். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசைக் கொடுப்பதற்கு முன் அங்கேயே இயந்திரத்தை இயக்கி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயற்றிறன் பக்கத்தில் புரொசசரின் பெயரில் 7530 என்ற இலக்கமும், நினைவகத்தில் 16 ஜிபியும் தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ரேம் பாவிக்கக் கூடியது 16ஐ விடச் சற்றுக் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது படம் காட்டும் பகுதி எடுத்துக்கொண்ட பங்கு.